திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மும்தாஜ் அக்கா

போன் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மாவின் முழங்காலைச் சுற்றி ஏழு ஊசிகள் நின்றுகொண்டிருந்தன. உடம்பில் ஊசி இருக்கும்போது போனைத் தொடக் கூடாது, அறையை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் அக்குபங்சர் கிளினிக்கின் சட்டம். சட்டம் போட்டவர் மும்தாஜ் அக்கா. மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போன் அதிர அதிர, யார் அழைக்கிறார்கள், எதற்கு அழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. "யாரோ அவசரமா கூப்புடறாங்க போல, எடுங்க" என்றார் அந்த அம்மா. "ஊசிய எடுத்துட்டுப் பேசிக்கறங்க" என்றேன். ஏழையும் எண்ணி எடுத்து, மறுபடி ஒருமுறை எண்ணிய பிறகுதான் போனைத் திருப்பினேன். அக்காவின் கணவர் அன்வர் பாய் அழைத்திருந்தார். திரும்ப அழைத்தபோது, "ஊசி உள்ள இருந்துச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். "அதான் எடுக்கலன்னு நெனச்சேன். மும்தாஜ் ஒம்பது மணிக்குப் போயிட்டா. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். மொகம் பாக்க வந்துரு" என்றார்.

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரில், உரக்கடை மாடியில், அக்காவும் நானும் ஒன்பது வருடங்கள் ஒரே கூடத்தில் அக்குபங்சர் பார்த்தோம். எங்களோடு படித்தவர்கள் அடுத்த மாதம் தர்மபுரியில் கூடுகிறார்கள். அங்கே வாசிக்க, அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தா என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். அக்காவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்லி, அவளைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோனவர் என்ற செய்தி அது. அது அக்கா செய்ததல்ல. செய்தவள் நான். ஆறு வருடம் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதனால் இந்த அஞ்சலி நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

நாங்கள் சந்தித்தது தர்மபுரியில், சனி ஞாயிறுகளில் நடந்த டிப்ளமோ வகுப்பில். அதற்கு முன் பதினோரு வருடம் நான் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அந்தப் பதினோரு வருடமும் எனக்கு ஒற்றைத் தலைவலி. கடையில் இருந்த மாத்திரை எல்லாம் தின்று தீராத வலி, ஒருவர் போட்ட நான்கு ஊசியில் நின்றது. அன்றிலிருந்து எனக்கு மாத்திரை என்றாலே ஆகாது. வேலையை விட்டேன். நல்லம்பள்ளியில் என் மாமியார், "மாசச் சம்பளத்த உட்டுட்டு ஊசி குத்தப் போறாளாம்" என்று தெருவுக்கே அறிவித்தார். அந்த ரோஷத்தில் படித்தேன். வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அன்வர் பாய்க்கு மெத்தைக் கடை. முதல் நாள் எல்லாரையும் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது, "இருவது வருஷமா மெத்த தைக்கிற ஊசி புடிச்சிருக்கேன் சார். கொஞ்சம் மெல்லிசா புடிக்கலாம்னு வந்தேன்" என்றார். வகுப்பே சிரித்தது. புள்ளிகளின் பெயர்கள் அவருக்கு மண்டையில் ஏறவே ஏறாது. ஒரு தேர்வில் தவறி மறுபடி எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன். கொஞ்சம் அலட்டலாகத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் ஒருவர் கையில் ஒருவர் ஊசி போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. அவர் எனக்குப் போட்டபோது, போட்டுவிட்டாரா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நான் அவருக்குப் போட்டபோது ரத்தம் வந்தது. பஞ்சால் துடைத்துக்கொண்டு, "பரவால்ல வளரு, பேரு சரியா சொன்ன" என்றார்.

கிளினிக் ஆரம்பித்தபோது வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அவர்தான் கேட்டார். பெயர்ப் பலகையில் மேலே மும்தாஜ், கீழே வளர்மதி. கூடத்தின் நடுவில் ஒரு திரை. மெத்தை உறைக்கு வாங்கிய நீலக் கோட்டுத் துணியில் அன்வர் பாய் தைத்துக் கொடுத்தது. அந்தப் பக்கம் அவர் கட்டில், இந்தப் பக்கம் என் கட்டில்.

அக்காவின் வைத்தியம் நாடி பார்ப்பதில் தொடங்காது. யார் வந்தாலும் முதலில், "மாத்திர டப்பாவ எடுங்க" என்பார். எங்களிடம் வருகிறவர்கள் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். கொண்டு வரவில்லை என்று மழுப்பினால், போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு அட்டையாக எழுத்துக் கூட்டிப் படிப்பார். "வளரு, இது எதுக்கு?" என்று திரைக்கு மேலாகக் கேட்பார். நான் மருந்துக்கடைப் புத்தியில் சொல்லிவிடுவேன். எல்லாம் கேட்டுக்கொண்டு டப்பாவை மூடி அவர்களிடமே தள்ளுவார். "இத நான் தர்ல. நான் தராதத நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்ல. நீங்களா நிறுத்தினீங்கன்னா எங்கிட்ட வராதீங்க."

எனக்கு இது எரிச்சலாக இருக்கும். மாத்திரையை விடவைப்பதற்குத்தானே நாம் படித்தோம், பிறகு நாம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "வலிக்குதுன்னு வர்றாங்க இல்ல, அதுக்கு" என்றார். அவர் பேச்சு என் ஆட்களின் காதில் விழுந்து அவர்களும் குழம்புவதாக எனக்குத் தோன்றியது. அதனால் ஒரு விதி கொண்டுவந்தேன். அவரவர் பேஷண்ட் அவரவருக்கு. திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் மற்றவர் தலையிடக் கூடாது. அக்கா "செரி, உன் இஷ்டம்" என்றார். விதியைக் கொண்டுவந்தவள் நான் என்பதை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

மூன்றாவது வருடம் சங்கீதா வந்தாள். இருபது வயது. பதினோரு வயதிலிருந்து தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். அப்பா முனுசாமி காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தக்காளியும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. "ரெண்டு எடம் வந்து பாத்துட்டுப் போச்சுங்க. புள்ளைய எல்லாருக்கும் புடிச்சிருக்கு. ஊசி போடற விசயம் தெரிஞ்சதும் போன எடுக்க மாட்டங்கறாங்க. இத நிறுத்த முடியுமாங்க?" என்றார். நான் சங்கீதாவின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தேன். பார்த்துவிட்டு முடியும் என்றேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒருக்கா ரெண்டு நாள் விட்டுட்டு ஆஸ்பத்திரில கெடந்தேங்க. எனக்கு ஒத்துக்காதுங்க."

அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வருடமாக அந்த உடம்போடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். நான் அவளிடம், "அது ஒடம்பு இல்ல சாமி, பயம். பயத்த விட்டா ஒடம்பு தன்னால சரி பண்ணிக்கும்" என்றேன். நாளையிலிருந்து இன்சுலின் வேண்டாம், சோறு வேண்டாம், பழம் மட்டும் கொடுங்கள் என்று முனுசாமியிடம் சொன்னேன். மாம்பழக் காலம் அது. திரைக்கு அந்தப் பக்கம் அக்கா யாருக்கோ ஊசி எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது. ஐந்தில் நின்றது. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். அக்கா எண்ணிக்கை தவறி அதுவரை நான் கேட்டதில்லை. அன்று அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் முனுசாமி போனில் கூப்பிட்டு, "வாந்தி எடுக்குதுங்க" என்றார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன பதில் தெரிந்திருக்கும். "கழிவு வெளிய போகுதுங்க. நல்லதுக்குதான். பயப்படாதீங்க" என்றேன். சிகிச்சை தொடங்கியபின் வாந்தி வந்தாலும் பேதி வந்தாலும் உடம்பு தன்னைச் சுத்தம் செய்கிறது என்று நாம் எல்லாரும் கேட்டும் சொல்லியும் வளர்ந்தவர்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சந்தை நாள். முனுசாமி அவளைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டி வண்டியில் கூட்டிவந்திருந்தார். மாடிப்படியில் தூக்கிக்கொண்டுதான் ஏறினார். கட்டிலில் கிடத்தியதும் அவள் மூச்சைக் கேட்டேன். ஓடி வந்தவள் மூச்சு மாதிரி, ஆழமாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. குனிந்தபோது வாயிலிருந்து நாள்பட்ட மாம்பழ வாசம் வந்தது. நான்கு நாளாகப் பழம்தானே சாப்பிடுகிறாள், அதனால் வரும் வாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழம் சாப்பிடச் சொன்னவள் நான், அந்த வாசத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொண்டவளும் நான். கை நடுங்காமல் ஓர் ஊசி போட்டேன். இரண்டாவதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

திரை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது. அக்கா வந்து நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் வாய்க்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். உதட்டை விலக்கி நாக்கைப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்தது. "எத்தன நாளா இன்சுலின் போடல?" என்று முனுசாமியைக் கேட்டார். "நாலு நாளுங்க." அக்கா நான் போட்ட ஊசியைப் பிடுங்கினார். நான் அப்போது, "அக்கா, இது என் பேஷண்ட்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நான் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை. "பேசாத. காலப் புடிச்சித் தூக்கு" என்றார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க அவர் தயாராக இல்லை. கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த குட்டியானை வண்டியின் பின்பக்கம், மூட்டைகளுக்கு நடுவே அவளைக் கிடத்தினோம். சந்தைக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. அக்கா இறங்கி முன்னால் நடந்தார். ஆட்டுக்காரர்களையும் கூடைகளையும் கையால் விலக்கிக்கொண்டே போனார். "உயிருங்க, உயிருங்க" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புர்காவின் ஓரமெல்லாம் சேறு. நெடுஞ்சாலை வந்ததும் பின்னால் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். சங்கீதா பதில் சொல்வது நின்றுவிட்டது. மூச்சு மட்டும் அதே வேகத்தில் இருந்தது. பாதி வழியில் அக்கா என்னிடம் ஒரே முறை பேசினார். "எந்தம்பி வாயிலயும் இதே வாசந்தான் வந்துச்சு. பழம் தின்னான்னு நெனச்சோம். இன்சுலின் இல்லாம வர்ற வாசம்னு அப்பறம்தான் தெரிஞ்சுது." அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும், இளம் பெண் மருத்துவர் ஒருவர் வெளியே வந்தார். "இன்சுலின நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார். முனுசாமி என்னைப் பார்த்தார். "அவங்களாவே நிறுத்தியிருக்காங்க போல டாக்டர்" என்றேன். பொய் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அக்கா முன்னால் வந்தார். "இல்லங்க டாக்டர். எங்க கிளினிக்லதான் சொன்னோம். நாலு நாளாச்சு. பழம் மட்டும் சாப்பிட்டிருக்கா. நேத்துலருந்து வாந்தி." அந்த மருத்துவர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பொண்ணு உயிரோட வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றுவிட்டு உள்ளே போனார். திட்டு வாங்கியது அக்காதான். முன்னால் நின்றவர் அவர்தானே.

மூன்று நாள் அவள் உயிர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. காலையில் கிளினிக்கைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, அக்கா என்னை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்காரவைத்தார். நானாகப் போயிருக்க மாட்டேன். சங்கீதாவின் அம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து போகலாம் என்று இரண்டு முறை முயன்றேன். "ஒக்காரு" என்றார் அக்கா. மூன்றாம் நாள் சாயங்காலம் சங்கீதா கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று முனுசாமி வந்து சொன்னார். அதை அக்காவிடம்தான் சொன்னார்.

மறுவாரம் முனுசாமி இரண்டு சொந்தக்காரர்களோடு மாடியேறி வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் என் பக்கம் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். பெயர்ப் பலகையைக் கழற்ற வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா அவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "வளரு, வெளிய வா" என்றார். போய் நின்றேன். முனுசாமி தரையைப் பார்த்தபடியே பேசினார். "எம்புள்ள பொழச்சிக்கிச்சி. கேட்டவன் நான், எம்மேலயும் தப்பு இருக்குது. ஆனா இனிமே யாருக்கும் இத சொல்லாதீங்க" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் அவ்வளவு பொறுமையாக இல்லை. ஒரு நாள் தர்மபுரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "உரக்கட மாடில பாயம்மா கிளினிக்கு இருக்குதில்ல, அங்க இன்சுலின நிறுத்தி ஒரு புள்ள சாகப் பாத்துச்சாம்." பலகையில் மேலே இருந்த பெயர் அவருடையது. மருத்துவரிடம் ஒத்துக்கொண்டவரும் அவர். அதை வைத்து ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்கு முன்சீட்டைத் தொட்டு, அது அவங்க இல்லைங்க, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன். அடுத்த சில மாதங்களில் அக்காவின் கட்டில் காலியாகக் கிடக்கும். என் கட்டிலுக்கு ஆள் வருவார்கள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருந்துக்கடைக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று சொன்னேன். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. மறுநாள் வந்ததும் என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். "தோள் புடிச்சிக்கிச்சி. போடு." என் விரல் நடுங்கியது. "நடுங்கினா நடுங்கட்டும். எண்ணிப் போடு" என்றார். ஆறு ஊசி போட்டேன். ஆறையும் எடுத்தேன். இன்று வரைக்கும் இந்தத் தொழிலில் நான் இருக்கிறேன் என்றால் அந்த ஆறு ஊசியால்தான்.

ஆனால் அதே வாரம் அவர் செய்த இன்னொரு காரியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறித் திரையைக் கழற்றினார். மடித்து அலமாரியில் வைத்தார். "இனி இது வேணாம்." பெண்கள் உடை தளர்த்திப் படுக்கும்போது கட்டிலுக்கு மட்டும் இடுப்புயர மறைப்பு ஒன்றை நகர்த்திக்கொள்வோம். மற்றபடி நான் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது எனக்கும் நேராகக் கேட்கும். என்னை வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். "எம்மேல நம்பிக்க இல்லன்னா சொல்லிடுங்கக்கா" என்றேன். "கட்டில்ல படுத்திருக்கறவங்களுக்கு ஊசி எடுக்கற நேரமாச்சு பாரு" என்று முடித்துவிட்டார். ஐந்து வருடம் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தலை லேசாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். நன்றி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று அணைக்கவில்லை.

போன வருடம் அவருக்கு மார்பில் கட்டி தெரிந்தது. தெரிந்த மறுநாளே சேலத்துக்குப் போனார். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டார். முடி கொட்டியது. அப்போதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வருவார். ஊசி வைத்தியம் பார்க்கிறவர்களே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களா என்று கேட்டவர்களுக்கு, "ஆமாங்க, போறேன்" என்று பதில் சொன்னார். எங்களோடு படித்த மூன்று பேர் ஒரு நாள் வந்து, நாமே கீமோவுக்குப் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னார்கள். அக்கா தன் மாத்திரை டப்பாவை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். "இத நான் எழுதிக்கல. டாக்டர் எழுதினது. நிறுத்த எனக்கே உரிமையில்ல." அந்த மூன்று பேரும் கூட்டத்துக்கு வருவார்கள். பெயர் சொல்ல மாட்டேன். என்னைவிட அவர்கள் மோசமில்லை.

கீமோவுக்குப் பிறகு வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உள்பக்கம் ஊசி போட்டால் கொஞ்சம் அடங்கும். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். கடைசியாகப் போனது போன மாதம், ஒரு மதிய வேளையில், அவர் வீட்டில். இரண்டு கையிலும் ஒவ்வோர் ஊசி. இருபது நிமிடம். போட்டு முடித்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொன்னார்: "ஊசி உள்ள இருக்குது. நானும் எந்திரிக்க முடியாது, நீயும் எந்திரிச்சுப் போக முடியாது. அதான் இப்ப சொல்றேன். அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு இன்சுலின நிறுத்துன்னு நீ சொன்னத நான் கேட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். ஊசி எண்ணிக்கிட்டிருந்தேன், எண்ணிக்க தப்பிடுச்சு. வந்து சொல்லலாம்னு கால் எடுத்து வெச்சேன். வளரு பேஷண்ட், கோவிச்சுக்குவா, படிச்சவ, நமக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். தம்பிய அப்பிடிக் குடுத்தவ நான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே நாலு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தேன். தெனமும் அந்தப் புள்ள வருமான்னு படியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஊசி இருந்தது. போக முடியவில்லை. "அப்போ டாக்டர்ட்ட எங்க கிளினிக்குன்னு சொன்னது, ஊர் பேசினதக் கேட்டுக்கிட்டு இருந்தது, எல்லாம்..." என்றேன்.

"உன்னக் காப்பாத்த இல்ல. என் பங்கு இருந்துச்சு, சொன்னேன். அவ்ளோதான்."

"அந்தப் புள்ள செத்திருந்தா?" என்றேன். நோயாளியிடம் கேட்கக் கூடாத குரலில்தான் கேட்டேன்.

"செத்திருந்தா ரெண்டு பேரும்தான் கொன்னிருப்போம்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "திரையக் கழட்டினது உன்ன வேவு பாக்கன்னு நெனச்சே இல்ல? திர இருந்தா, கேட்டும் கேக்காத மாரி இருந்துக்கலாம் வளரு. அந்த வசதி எனக்கு வேணாம்னுதான் கழட்டினேன்."

பதினான்கு நிமிடம் மீதி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் இருந்த கோபம் போன இடத்தில் என் மேல் இருந்த கோபம் வந்து உட்கார்ந்தது. நேரம் ஆனதும் இரண்டு ஊசியையும் எடுத்தேன். "எண்ணிட்டியா?" என்றார். எண்ணிட்டேன் என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

முகம் பார்க்கப் போனபோது வீடு நிறையப் பெண்கள். வெள்ளைத் துணிக்குள் அக்காவின் முகம் சின்னதாகத் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சங்கீதா உட்கார்ந்திருந்தாள். இன்சுலின் ஊசியோடு சேர்த்தே அவளைக் கட்டிக்கொண்ட கணவன் வாசலில் ஆண்களோடு நின்றிருந்தான். அக்கா மாதம் ஒரு முறை அவளைக் கூப்பிட்டு, "போட்டியா?" என்று கேட்பாராம். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்தப் பெண் அவளிடம், "இந்தம்மா கிளினிக்குலதானே உனக்கு அப்பிடி ஆச்சு?" என்று கேட்டாள். சங்கீதா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் சொல்கிறேனா என்று பார்த்தாள். "அவங்க இல்லைங்க. நிறுத்தச் சொன்னது நான். இவங்கதான் தூக்கிட்டு ஓடினாங்க" என்றேன். மய்யித்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா என்று ஒரு மூதாட்டி முறைத்தார். ஆறு வருடம் தாமதித்துவிட்டு இடம் பொருள் பார்க்க என்னால் முடியவில்லை. சங்கீதா கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

தர்மபுரிக் கூட்டத்தில் இதை வேறு யாரும் வாசிக்க வேண்டாம். நானே எழுந்து வாசிக்கிறேன். அக்காவிடமிருந்து என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பீர்கள். அவருடைய ஊசி டப்பா அன்வர் பாயிடம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் அவர் பெயர் மேலேயே இருக்கும். மடித்து வைத்த திரை அலமாரியிலேயே இருக்கும், அதை மறுபடி மாட்ட மாட்டேன்.

நேற்று பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். டப்பாவை எடுக்கச் சொன்னேன். எடுத்து வைத்துவிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குனிந்து, "பிரஷர் மாத்திரைய மட்டும் மெதுவா விட்டுறலாமாங்க?" என்றார். இத நான் தர்ல, நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்ல என்றேன். என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் திடுக்கிட்டு, அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். "நாம ரெண்டு பேருதானே இருக்கறோம், எதுக்குங்க இவ்ளோ சத்தமா சொல்றீங்க?" என்றார்.

"அக்காவுக்குக் கேக்கணுங்க" என்றேன்.